எனக்குக் கேட்காத சத்தம்

பேட்டரியின் மைனஸ் ஒயரைக் கழற்றி ஓரமாக மடக்கி வைத்ததும், இனிப் பின்வாங்க முடியாது என்று சொல்லிக்கொண்டேன். அப்படியொன்றும் இல்லை. ஒயரை மறுபடி மாட்டி, போனட்டை மூடி, கையைக் கழுவிக்கொண்டு உள்ளே போனால் யாரும் எதுவும் கேட்கப்போவதில்லை. ஆனாலும் ஒரு வேலையைத் தொடங்க எனக்கு இப்படி ஒரு பொய் தேவைப்படுகிறது. ஞாயிற்றுக்கிழமைக் காலை. இட்லி சாப்பிட்ட கையில் சாம்பார் வாசனை போகவில்லை, போர்டிகோவின் சிமென்ட் தரை இன்னும் சூடேறவில்லை. வலதுபக்க முன்சக்கரத்தைக் கழற்றியாயிற்று. ஜாக்கியை மட்டும் நம்பக் கூடாது என்று கழற்றிய சக்கரத்தையே வண்டிக்கு அடியில் படுக்கப் போட்டிருக்கிறேன். சக்கரம் இருந்த குழிக்குள் தலையை நீட்டினால் பெல்ட் இரண்டும் தெரிகின்றன. வெளியில் இருப்பது ஏசியைச் சுற்றுவது, அதற்கு உள்ளே இருப்பது டைனமோவையும் தண்ணீர் பம்பையும் சுற்றுவது. இரண்டின் ஓரங்களும் கண்ணாடி போல மின்னுகின்றன. அடிப்பக்கம் முழுக்கச் சின்னச் சின்ன வெடிப்புகள், மார்கழி மாதத்துக் குதிகால் மாதிரி. ரப்பர் இப்படிப் பளபளக்கக் கூடாது. பளபளத்தால் வழுக்கும், வழுக்கினால் கத்தும். கத்துகிறதாம். தெருவே சொல்கிறது. கத்துகிறதாம் என்றுதான் என்னால் சொல்ல முடியும், ஏனென்றால் எனக்கு அது ஒருநாளும் கேட்டதில்லை. எஞ்சினின் உறுமல் கேட்கிறது, கியர் விழும் தடக் கேட்கிறது, பள்ளத்தில் இறங்கினால் அடியில் இடிப்பது கேட்கிறது. அந்தக் கீச்சு மட்டும் கேட்பதில்லை. அது எனக்குக் கேட்கவில்லை என்பது இந்த உலகத்தில் மூன்று பேருக்குத்தான் தெரியும், எனக்கும், காந்திபுரத்துக் காது ஆஸ்பத்திரியில் மெஷின் வைத்துச் சோதித்த பெண்ணுக்கும், அங்கே இருந்த டாக்டருக்கும்.

எதிர்வீட்டுக் கிட்டுசாமி அண்ணன்தான் முதலில் சொன்னார். பால் சொசைட்டியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், கேட்டுக்கு உள்ளே பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டுப் பேப்பர் படிப்பவர், தெருவில் யார் போனாலும் தலையைத் தூக்கிப் பார்ப்பவர். உன்ற காரு வந்தா கோழி அறுக்கறாப்புல இருக்குதப்பா என்றார். நான் சிரித்தேன். பழைய வண்டியைக் கேலி செய்கிறார் என்று நினைத்தேன். பிறகு நான் வேலை பார்க்கும் நூல் மில்லில் வாட்ச்மேன் சொன்னான், சார் வருவது பைபாஸ் திரும்பும்போதே தெரிந்துவிடுகிறது என்று. அதை மரியாதை என்று எடுத்துக்கொண்டேன். இப்போது நினைத்தால் முகம் சுடுகிறது. ஒருவன் எத்தனை நாளைக்கு ஒரு கிண்டலை மரியாதை என்று வைத்துக்கொண்டு நிம்மதியாக இருக்க முடியும்? நான் இருந்தேன். ஒருநாள் என் மனைவி வசந்தாமணியே கேட்டாள், காதுக்குள் ஊசி விடுகிற மாதிரி இருக்கிறதே, உங்களுக்கு எப்படித்தான் ஓட்ட முடிகிறது என்று. அன்றைக்குத்தான் விளங்கியது. விளங்கியதும் நான் செய்தது என்ன? ஆமாமா, ரொம்பத்தான் கத்துது, பெல்ட் மாத்தணும் என்றேன். ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. பொய் அவ்வளவு தயாராக வாயில் இருந்தது. அதற்குப் பிறகு நடிப்புதான். வண்டியைக் கிளப்பும்போது நானும் முகத்தைச் சுளிப்பேன். ஆனால் எப்போது சுளிப்பது என்று தெரிய வேண்டுமே. அவள் முகத்தைப் பார்த்து, அவள் சுளித்ததற்குக் கொஞ்சம் பின்னால் சுளிப்பேன், அடுத்தவர் கும்பிடுவதைப் பார்த்துக் கும்பிடுகிறவன் மாதிரி.

போன வாரம் மாட்டிக்கொண்டிருப்பேன். துணி சோப்பைப் பெல்ட்டின் ஓரத்தில் தேய்த்தால் நின்றுவிடும் என்று மில்லில் யாரோ சொன்னார்கள். தேய்த்தேன். வண்டியைக் கிளப்பிவிட்டு இறங்கி, கிட்டுசாமி அண்ணனைப் பார்த்து, எப்படி, நின்னுடுச்சு பாத்தீங்களா என்றேன், நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு. அவர் பேப்பரைத் தொடையில் போட்டுவிட்டு வயிறு குலுங்கச் சிரித்தார். வசந்தாமணி கதவருகில் காதைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். வண்டி என் முதுகுக்குப் பின்னால் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்திருக்கிறது. நான் ஜோக் அடித்ததாக நினைத்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே போய்ச் சாவியைத் திருப்பி அணைத்தேன். இன்னொரு தடவை அந்த ஜோக் செல்லாது. இன்றைக்குப் புது பெல்ட் போட்டு, கிளப்பி, அது அப்போதும் கத்தி, நான் பல்லைக் காட்டிக்கொண்டு இறங்கினால் முடிந்தது. அவளுக்குத் தெரிந்துவிடும். அதனால்தான் ஒர்க்‌ஷாப்புக்கும் போகவில்லை. அங்கே மெக்கானிக்கின் முதல் கேள்வியே, சத்தம் எப்பங்க வருது, கிளப்பும்போதா, ஏசி போட்டாலா என்பதுதான். ஒரு தடவை போனபோது கேட்டான். எப்பவும் வருது என்றேன். அவன் என்னைப் பார்த்த பார்வையில் வண்டியை வேண்டாம் என்று திருப்பி ஓட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.

பன்னிரண்டாம் நம்பர் ஸ்பானர் முதல் நட்டில் உட்கார மறுக்கிறது. கண்ணால் பார்க்க முடியாத இடம். விரல்தான் பார்க்க வேண்டும். நடுவிரலால் தடவுகிறேன், எண்ணெயும் மண்ணும் சேர்ந்த பிசுக்கு, அதற்கு அடியில் ஆறு முனை. இருக்கிறது. பிசுக்கைச் சுரண்டி எடுத்துவிட்டு ரிங் ஸ்பானரைப் போட்டேன், கச்சிதமாக உட்கார்ந்தது. எத்தனை வருடமாக இந்த நட்டு அசையவில்லையோ. ஒரு இழுப்பு, அசையவில்லை. காலை உதைத்துக்கொண்டு இன்னொரு இழுப்பு, திடீரென்று விட்டுக்கொடுத்தது, உள்ளங்கை வழியாகத் தோள் வரைக்கும் ஒரு அதிர்வு ஏறியது. ஆகா, என்ன சுகம். இந்த நட்டு கழன்ற சத்தம் எனக்குக் கேட்டதா, இல்லை, கை சொன்னதைக் காது கேட்டதாக நினைத்துக்கொண்டதா? மில்லில் அப்படித்தான். நூல் நூற்கும் ரிங் ஃபிரேம் மெஷின்கள் ஓடும் ஷெட்டில் யாருக்கும் எதுவும் கேட்காது. நூலை முறுக்கிச் சுற்றும் ஸ்பிண்டில்கள் ஆயிரக்கணக்கில் ஒரே நேரத்தில் சுற்றினால் அது சத்தம் என்றே தோன்றாது, காற்று கெட்டியாகிவிட்ட மாதிரி இருக்கும். காதில் வைத்துக்கொள்ள ரப்பர் அடைப்பான் கொடுத்தார்கள். எல்லோரும் சட்டைப்பையில் வைத்துக்கொண்டோம். ரொம்பத் தாங்கவில்லையென்றால் போகிற போக்கில் ஓடுகிற பஞ்சிலேயே கொஞ்சம் பிய்த்துக் காதில் திணித்துக்கொள்வது. ஷிஃப்ட் முடிந்து வெளியே வந்தால் மரத்தடியில் நின்றுகொண்டு ஒருவருக்கொருவர் கத்துவோம், பாதி நேரம் நலம் விசாரிப்பதைப் பார்த்தால் சண்டை மாதிரி இருக்கும். ஷெட்டுக்குள் ஒரு ஸ்பிண்டில் சரியில்லையென்றால் நான் போய் ஃபிரேமில் கை வைத்தாலே தெரியும். சூப்பர்வைசர் கனகராஜுக்குக் கையில் காது இருக்கிறது என்பார்கள். அப்போது அது பெருமையாக இருந்தது. காது போய்க்கொண்டிருந்ததால்தான் கை அப்படி ஆயிற்றோ என்று இப்போது தோன்றுகிறது. இருக்கட்டும். எதனால் வந்தால் என்ன, வந்தது வந்ததுதானே. ஏசி பெல்ட்டை இழுத்துப் பிடிக்கும் சின்னப் புல்லியின் போல்ட்டைச் சுற்றச் சுற்ற அது மேலே ஏறுகிறது, பெல்ட் தொய்கிறது, தொங்குகிறது. விரலை விட்டு நெம்பினேன். கையோடு வந்துவிட்டது. செத்த பாம்பு மாதிரி அதை வெயிலில் தூக்கிப் போட்டேன். ஒன்று.

காது ஆஸ்பத்திரியில் அந்தப் பெண் சின்ன அறைக்குள் உட்காரவைத்து ஹெட்போனை மாட்டிவிட்டாள். சத்தம் கேட்டதும் கையைத் தூக்குங்க சார் என்றாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவள் பொத்தானை அழுத்துவது தெரிந்தது. முதலில் யானை பிளிறுவதைப் போல, பிறகு பஸ் ஹாரன் போல, தூக்கினேன், தூக்கினேன். பிறகு அவள் அழுத்திக்கொண்டே இருந்தாள். நான் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள், மறுபடி அழுத்தினாள். அந்த அமைதி இருக்கிறதே, வாழ்க்கையில் நான் கேட்ட முதல் முழு அமைதி அதுதான். பிறகு டாக்டர் சொன்னார், மெல்லிசான சத்தங்கள், கீச்சென்று வருகிறவை, அவை போய்விட்டன, திரும்பாது, மற்றது இருக்கிறது, பத்திரமாகப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று. வீட்டுக்கு வந்து டயரில் காற்றுப் பிடிக்கப் போனேன் என்றேன். போனவை எவை என்று அதற்கப்புறம்தான் தேட ஆரம்பித்தேன். அணில். கொசு, அது போனதில் வருத்தமில்லை. அடுப்புப் பற்றவைக்கிற லைட்டரின் டிக். பக்கத்து வீட்டுக் குழந்தையின் கொலுசு. பேசும்போது சில எழுத்துகள். பெண்கள் பேசும்போது இன்னும் சில. வசந்தாமணி அடுக்களையிலிருந்து திரும்பி நின்று பேசினால் ஒரு வாக்கியத்தில் நடுவில் கொஞ்சம்தான் வந்து சேரும், முதலையும் முடிவையும் நானே போட்டுக்கொள்வேன். பெரும்பாலும் சரியாகவே இருக்கும். இத்தனை வருடம் கூட வாழ்ந்ததற்கு அந்த அளவு லாபம்கூட இல்லையென்றால் எப்படி.

அவள் பேச்சுதான். மற்ற எதற்கும் நான் பயப்படவில்லை, இதைத்தான் யாரிடமும் சொல்ல முடியவில்லை. வசந்தாமணி எல்லாவற்றையும் சொல்கிறவள். காய்காரர் சொன்னது, அவள் தங்கை சாந்தாமணி ஃபோனில் சொன்னது, தங்கையின் மாமியார் அதற்குச் சொன்னது, அதைக் கேட்டு இவள் என்ன சொல்லியிருக்க வேண்டும் ஆனால் சொல்லாமல் விட்டது. காரில் ஏறினால்தான் அது முழு வெள்ளமாக வரும். பொள்ளாச்சிக்கு அவள் தங்கை வீட்டுக்குப் போகும் வழி முழுக்கப் பேசுவாள், நான் ரோட்டைப் பார்த்துக்கொண்டு ம் போடுவேன். தென்னந்தோப்புகள் இரண்டு பக்கமும் ஓடும், அந்தப் பேச்சு இல்லாமல் எனக்கு அந்த ரோடு கிடையாது. கொஞ்ச நாளாகக் காரில் அவள் பேசுவதை நிறுத்திவிட்டாள். ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டாள். நான் என்னவெல்லாமோ நினைத்தேன். எதிலோ கோபம், எங்கேயோ புண்படுத்திவிட்டேன், போன மாதம் சொன்ன ஏதோ ஒரு வார்த்தை. ஒவ்வொன்றாக எடுத்து எடுத்துப் பார்த்தேன். கடைசியில் போன தடவை பொள்ளாச்சிக்கு பஸ்ஸிலேயே போய்க்கிறேன் என்று அவள் போனபோது நான் இரவெல்லாம் தூங்கவில்லை. அது இந்தக் கீச்சினால்தான் என்று பிறகு தெரிந்தபோது சிரிப்பதா அழுவதா என்று இருந்தது. அவள் கோபத்தில் இல்லை, கத்திப் பேசிப் பேசிக் களைத்துவிட்டாள், அவ்வளவுதான். ஆனால் அதைவிடப் பெரிய பயம் அங்கேயே பிறந்தது. அவளுடைய அப்பா, என் மாமனார், கடைசிக் காலத்தில் காது கேட்காமல் இருந்தார். யாரும் அவரைக் கொடுமை செய்யவில்லை. வேளைக்குச் சோறு, துவைத்த வேட்டி, எல்லாம். ஆனால் சொல்வதை விட்டுவிட்டார்கள். கத்திச் சொல்ல வேண்டுமே என்று முதலில் சின்ன விஷயங்களை விட்டார்கள், பிறகு நடுத்தர விஷயங்களை. பேத்தியின் கல்யாணம் நிச்சயமானதே பத்திரிகை அச்சடித்து வந்த பிறகுதான் அவருக்குத் தெரியும். பத்திரிகையைக் கையில் வைத்துக்கொண்டு, சந்தோசம், சந்தோசம் என்றார். அவளுக்கு நான் இப்படி என்று தெரிந்தால், அவளும் மெல்ல மெல்ல, அவளே அறியாமல், முதலில் காய்காரரை விடுவாள், பிறகு தங்கையின் மாமியாரை. சாப்பாடு ஆச்சு, கரண்டு பில் வந்துருக்கு, மாத்திரை போட்டீங்களா, இவ்வளவுதான் மிஞ்சும். அந்த வீட்டில் எனக்கு இருக்கத் தெரியாது.

உள்ளே இருக்கும் பெல்ட்டுக்கு டைனமோவையே நகர்த்த வேண்டும். மேலே ஒரு போல்ட், கீழே ஒன்று, இரண்டையும் தளர்த்தி, டைனமோவை எஞ்சின் பக்கமாகத் தள்ளினேன், முனகிக்கொண்டே நகர்ந்தது, பெல்ட் தளர்ந்து விரலுக்குள் வந்தது. இரண்டு. எழுந்து நின்றபோது முட்டி இரண்டும் தனித்தனியாகப் புகார் சொன்னாலும் ஏதோ ஜெயித்துவிட்ட மாதிரி இருந்தது, இன்னும் ஒன்றையும் மாட்டவில்லை என்பது அப்புறம்தான் நினைவுக்கு வந்தது. வசந்தாமணி டீயோடு வெளியே வந்தாள். இன்னொரு கையில் புது பெல்ட்டுகள். நேற்றே வாங்கி வந்து டேபிளில் வைத்ததை அவள் சாமி அறையில் கொண்டுபோய் வைத்திருக்கிறாள், இரண்டிலும் சந்தனமும் குங்குமமும் பொட்டு. எனக்குச் சுருக்கென்றது. சந்தனம் புல்லியில் பட்டால் வழுக்கும், அதுவே கத்தும், இதை எப்படி இவளிடம் சொல்வது. வாங்கிப் பார்த்தேன். பொட்டு வெளிப்பக்கத்து முதுகில் இருந்தது, புல்லியில் படாத பக்கத்தில். ஓரத்திலும் அடியிலும் ஒரு துளி இல்லை. தெரிந்து வைத்தாளா, தற்செயலா, கேட்கவில்லை. தங்கை ஃபோன் செய்ததாகச் சொன்னாள், இன்றைக்கு மத்தியானச் சாப்பாட்டுக்கு மேல் பொள்ளாச்சிக்குக் கிளம்பினால் போதுமாம். பிறகு தயங்கி, வண்டி சரியாகாவிட்டால் பரவாயில்லை, பஸ் இருக்கிறது என்றாள். அது இடிப்புப் பேச்சு இல்லை, ஆறுதல்தான். ஆறுதல்தான் அதிகம் உறைத்தது. இந்தச் சமயத்தில் கிட்டுசாமி அண்ணன் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு தெருவைத் தாண்டி வந்து குனிந்து பார்த்தார். ஃபேன் பெல்ட்டா என்றார். ஃபேனுக்கும் இதுக்கும் சம்பந்தமில்லீங்ணா, ஃபேன் தனியா கரண்டுல ஓடுது என்றேன். அப்பறம் ஏன் ஃபேன் பெல்ட்டுங்கறாங்க என்று என்னைத்தான் கேட்டார், நான்தான் பெயர் வைத்த மாதிரி. வண்டியை இப்படியே விட்டுவிடு, எங்க வீட்டு நாய் உன்ற காருச் சத்தம் கேட்டுத்தான் எந்திரிக்குது, இல்லாட்டி அது பாட்டுக்குத் தூங்கீரும் என்றார். வசந்தாமணி முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். நானும் சிரித்தேன், இந்தத் தடவை நிஜமாகவே.

மாட்டுவது கழற்றுவதைப் போல இல்லை. புது ரப்பருக்கு உடம்பு முழுக்க அடம். உள் பெல்ட்டைத் தண்ணீர் பம்பின் புல்லியில் போட்டால் கீழே கழல்கிறது, கீழே போட்டால் மேலே கழல்கிறது. டைனமோவின் புல்லியில் விளிம்பு வரைக்கும் கொண்டுபோய், இன்னும் நகத்தளவு ஏற வேண்டும், ஏறவில்லை. ஸ்க்ரூ டிரைவரால் நெம்பினால் ஏறிவிடும், ஆனால் ஓரம் கிழியும். இரண்டு கட்டைவிரலையும் வைத்துத் தள்ளினேன். வியர்வை புருவத்தில் இறங்கிக் கண்ணில் எரிந்தது. ஏன் நான் எப்போதும் ஒன்றைத் தள்ளிக்கொண்டே அது ஏறாது என்று நினைத்துக்கொள்கிறேன், ஏறும் என்று நினைத்தால் என்ன குறைந்துவிடும் என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே, என் யோசனையைப் பொருட்படுத்தாமல், அது ஏறி உட்கார்ந்தது. பள்ளத்தில் சரியாக, ஒரு பக்கமும் சாயாமல். விரலை ஓட்டிப் பார்த்தேன். தூக்கம் வந்த குழந்தையைப் படுக்கப் போட்ட மாதிரி இருந்தது. டைனமோவை ஒரு இரும்புக் கம்பியால் வெளிப்பக்கம் நெம்பிப் பிடித்துக்கொண்டு இன்னொரு கையால் மேல் போல்ட்டை இறுக்கினேன். எவ்வளவு இறுக்குவது? அதுதான் எல்லாமே. கட்டைவிரலால் நடுவில் அழுத்தினால் கொஞ்சம் அமுங்க வேண்டும், ரொம்ப அமுங்கக் கூடாது. அழுத்தினேன். அமுங்கியது. சரியாக இருப்பதாகக் கை சொன்னது. அந்தக் கையை இத்தனை வருடமாக நம்பியிருக்கிறேன். பிறகு ஏசி பெல்ட், அது சாதுவாக ஏறியது, சின்னப் புல்லியின் போல்ட்டைத் திருப்பத் திருப்ப விறைப்பேறியது. சக்கரத்தை மாட்டினேன், ஜாக்கியை இறக்கினேன், பேட்டரி ஒயரை மாட்டினேன். முடிந்தது. ஒரு நட்டுகூட மிச்சமாகக் கீழே கிடக்கவில்லை. தரையில் இரண்டு தடவை தேடிப் பார்த்தேன்.

சாவியைத் திருப்பினேன். எஞ்சின் பிடித்துக்கொண்டது, ஸ்டியரிங்கில் அந்தப் பழகிய நடுக்கம், காலடியில் உறுமல். அதற்கு மேல் எதுவும் இல்லை. எனக்கு எப்போதுமே அதற்கு மேல் எதுவும் இருந்ததில்லையே, அதுதானே சங்கடம். கத்துகிறதா, கத்தவில்லையா? கண்ணாடி வழியாகத் தெருவைப் பார்த்தேன். கிட்டுசாமி அண்ணன் நாற்காலியில் இல்லை, குளிக்கப் போயிருப்பார். நாயைக் காணவில்லை. மின்கம்பியில் ஒரு காக்கை இருந்தது, பறந்து போயிற்று, காக்கைக்குப் பறப்பதற்கு நூறு காரணம் இருக்கும். வசந்தாமணி வாசற்படியில் வந்து நின்றாள், கையில் கரண்டி. முகத்தைப் பார்த்தேன். வெயில் அவள் கண்ணில் அடித்தது, சுளித்திருந்தாள். வெயிலுக்கா, சத்தத்துக்கா? இப்போது நான் ஒன்று சிரிக்க வேண்டும் அல்லது உச்சுக்கொட்ட வேண்டும். இரண்டில் ஒன்று தப்பு. சிரிப்பதா, உச்சுக்கொட்டுவதா. எத்தனையோ தடவை இப்படி அவள் முகத்தைத் திருடிப் பார்த்து என் முகத்தைத் தயார் செய்திருக்கிறேன். இந்தத் தடவை என் முகம் எதற்கும் தயாராக மாட்டேன் என்றது. கைகளைப் பார்த்தேன், முழங்கை வரைக்கும் கறுப்பு, ஒரு விரலில் தோல் உரிந்திருந்தது. இவ்வளவையும் செய்த கை. இவ்வளவையும் செய்துவிட்டு ஒரு திருடனைப் போல உட்கார்ந்திருப்பானேன்? கதவைத் திறந்து இறங்கி அவளிடம் போனேன். எஞ்சின் ஓடிக்கொண்டேயிருந்தது.

“வசந்தா, எனக்கு அந்தக் கீச்சுச் சத்தம் கேக்கறதே இல்ல. எப்பவுமே கேட்டதில்ல. நீ கேட்டுச் சொல்லு.”

அவள் என்னைப் பார்த்தாள், வண்டியைப் பார்த்தாள், மறுபடி என்னை. கரண்டியிலிருந்து ரசம் ஒரு சொட்டு படியில் விழுந்தது. அவள் முகத்தில் எது முதலில் வரும் என்று நான் காத்திருந்தேன். பரிதாபம் வந்தால் என்ன செய்வது என்று தெரியவில்லை. அது வரவில்லை. அவள் ஏதோ கணக்குப் போடுகிறவள் மாதிரி இருந்தாள், பழைய நாட்களையெல்லாம் எடுத்துப் புதிதாக அடுக்குகிறவள் மாதிரி.

“அது மட்டுந்தானுங்களா? என்ற பேச்சு கேக்குதுங்களா?”

“உன்ற மூஞ்சியப் பாத்தாக் கேக்குது.”

அவள் கரண்டியை ஜன்னல் திட்டில் வைத்தாள், சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு நேராக போனட் பக்கம் போய்க் குனிந்தாள், தலையைச் சாய்த்து ஒரு காதை எஞ்சினுக்குக் கொடுத்தாள். கேட்டாள். கையை ஆட்டி, வண்டியில் ஏறச் சொன்னாள். பிறகு நிமிர்ந்து, நான் நன்றாகப் பார்க்கும்படி நின்றுகொண்டு, இப்போது சத்தமில்லை, ராத்திரி லைட் போட்டால்தான் ஜாஸ்தியாகக் கத்தும், லைட்டைப் போடுங்கள் என்றாள். போட்டேன். சுளித்தாள், இந்தத் தடவை வெயிலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டிருந்தாள். கத்துதுங்க, முந்தி மாதிரி இல்ல, சின்னதா, கோழிக்குஞ்சு மாதிரி என்றாள். ஏசியைப் போட்டேன், அது வேறுபடவில்லை, அதே குஞ்சுதான் என்றாள். ஆக, ஏசி பெல்ட் சரி. உள் பெல்ட்தான். டைனமோவுக்குச் சுமை ஏறும்போது வழுக்குகிறது. எவ்வளவு தெளிவாக இருந்தது எல்லாம். அந்த ஒர்க்‌ஷாப்பில் என்னால் பதில் சொல்ல முடியாத கேள்விக்கெல்லாம் இவள் நின்ற இடத்தில் நின்று பதில் சொல்லிவிட்டாள்.

அணைத்தேன். உள் பெல்ட்டைக் கட்டைவிரலால் மறுபடி அழுத்தினேன். அதே அமுக்கம், கை மறுபடியும் சரி என்றுதான் சொன்னது. கையைச் சந்தேகிப்பது எனக்குப் பழக்கமில்லை, மற்ற எல்லாவற்றையும் சந்தேகிப்பேன். ஏன் சரி என்று சொல்கிறது இது? அப்போது புரிந்தது. மில் கை. ஸ்பிண்டிலைச் சுற்றவைக்கும் டேப்பை, அந்தத் துணிப் பட்டையை, நாங்கள் ஒருபோதும் விறைப்பாகக் கட்ட மாட்டோம். இறுகினால் கரண்டைத் தின்னும், சூடேறும், மேனேஜர் வந்து நிற்பார். ஆயிரம் ஸ்பிண்டிலில் ஒரு நூலளவு இறுக்கம் என்றால் எவ்வளவு நஷ்டம் என்று எங்களுக்கெல்லாம் உடம்பில் ஏற்றி வைத்திருந்தார்கள். முப்பது வருடமாக ஒரு பிடி குறைவாகவே இழுத்துப் பழகிய கை, கார் பெல்ட்டையும் ஸ்பிண்டில் டேப் என்று நினைத்து இழுத்திருக்கிறது. சிரிப்பு வந்தது. போல்ட்டைத் தளர்த்தினேன், கம்பியை வைத்து டைனமோவை நெம்பினேன். கை நின்றது, போதும் என்றது. போதாது என்றேன். இன்னும் ஒரு பிடி. கை தயங்கியது, அறுந்துவிடும் என்றது, பேரிங் போய்விடும் என்றது. இது மில் இல்லை, என் வண்டி, இழு என்றேன். இழுத்தது. அந்த இடத்திலேயே பிடித்துக்கொண்டு போல்ட்டை இறுக்கினேன், கீழேயும் இறுக்கினேன். அழுத்திப் பார்த்தால் விரலுக்கு அந்நியமாக இருந்தது, வேறு யாரோ செய்த வேலை மாதிரி. நல்ல வேலை.

கிளப்பினேன். லைட், ஏசி, பின்கண்ணாடி ஹீட்டர், வைப்பர், இருக்கிற பொத்தானையெல்லாம் போட்டேன். ஸ்டியரிங்கை இந்தக் கடைசிவரை திருப்பினேன், அந்தக் கடைசிவரை திருப்பினேன். ஆக்ஸிலேட்டரை மிதித்தேன். மழையில்லாத கண்ணாடியில் வைப்பர் போய்ப் போய் வந்தது. வசந்தாமணி போனட்டின் மேல் குனிந்து, இந்தப் பக்கம் வந்து, அந்தப் பக்கம் போய், கோயிலைச் சுற்றுகிற மாதிரி வண்டியை ஒரு முழுச் சுற்றுச் சுற்றினாள். அவசரப்படவில்லை. என் ஜன்னலுக்கு வந்து குனிந்தாள். முகம் மிக அருகில் இருந்தது, மூக்கின் மேல் ஒரு கரித்துளி.

“எனக்கும் கேக்கலீங்க.”

அந்த ‘எனக்கும்’ எனக்குள் எங்கெல்லாம் போயிற்று என்று என்னால் சொல்ல முடியாது. அவளும் நானும் ஒரே சத்தத்தைக் கேட்காமல் இருந்தோம். எவ்வளவு நாளாயிற்று இரண்டு பேரும் ஒன்றைச் சேர்ந்து அனுபவித்து. அவள் உள்ளே ஓடி அடுப்பை அணைத்துவிட்டு, செருப்பைக்கூடப் போடாமல் வந்து பக்கத்தில் ஏறிக்கொண்டாள். சும்மா ஒரு சுற்று ஓட்டிப் பார்க்கலாம் என்றாள். கேட்டைத் தாண்டி, தெருவைத் தாண்டி, குளத்தேரி என்கிற குளக்கரை ரோட்டில் ஏறினோம். தெருமுனையில் கிட்டுசாமி அண்ணனின் நாய் வெயிலில் நீட்டிப் படுத்திருந்தது. அதன் வாலுக்கு ஒரு முழம் தள்ளிப் போனோம், காதைக்கூட அசைக்கவில்லை. இரண்டாவது கியர், மூன்றாவது, ஜன்னலில் காற்று, குளத்துத் தண்ணீரின் வாசனை. நான் ராஜா மாதிரி ஓட்டினேன், இதைச் சொல்ல வெட்கமாக இருந்தாலும் அப்படித்தான் ஓட்டினேன். பக்கத்தில் அவள் பேச ஆரம்பித்தது தெரிந்தது. சாந்தாமணி என்று தொடங்கியது, பிறகு நடுவில் ஒரு துண்டு, பிறகு இல்லை. ரோட்டைப் பார்த்துக்கொண்டு ம் போட்டேன். பழக்கம். பேச்சு நின்றுவிட்டது. ஓரக்கண்ணால் பார்த்தேன், அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். இதோ, ஆரம்பித்துவிட்டது என்று நினைத்தேன், முதல் விஷயத்தை விடப்போகிறாள், சாந்தாமணியை விடப்போகிறாள், இனி ஜன்னல் பக்கம்தான் திரும்புவாள். அவள் என் இடது கையைத் தட்டினாள். திரும்பினேன். ரோட்டோரம் ஒரு வேப்ப மர நிழலைக் காட்டி, வண்டியை அங்கே ஓரமாக நிறுத்துங்கள் என்றாள். நிறுத்தினேன். எஞ்சினை அணைக்கவில்லை. அவள் சீட்டில் ஒரு காலை மடக்கிப் போட்டுக்கொண்டு முழுசாக என் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள், நெற்றியில் விழுந்த முடியை ஒதுக்கி, முகம் நன்றாக வெளிச்சத்தில் இருக்கிறதா என்று கண்ணாடியில் ஒருமுறை பார்த்துக்கொண்டாள்.

“இப்பக் கேளுங்க. சாந்தாமணி மாமியா நேத்து என்ன சொல்லியிருக்குது தெரியுமா?” என்று ஆரம்பித்தாள்.